லிசிக்காக ஒரு ஜோடி ஸ்பீக்கர்

எடமலைப்பட்டி புதூர்,
நவம்பர் 9.

மணப்பாறையில் ஒரு முழங்கால் வலி நீங்கலாக மற்றெல்லா நலனோடும் இருக்கும் அன்பு மச்சான் செபஸ்தியான் அவர்களுக்கு, தங்கள் தங்கை லிசியின் கணவன் இருதயநாதன் ஆண்டவர் பெயரால் வணங்கி எழுதுவது. நான் சுகம். தங்கள் சுகத்தை லிசி இருந்தவரை அவளே போனில் கேட்டு என்னிடம் சொல்லிவிடுவாள். இப்போது நானே எழுதிக் கேட்க வேண்டியிருக்கிறது.

வரும் 23ஆம் தேதி அவளுடைய முதலாண்டு நினைவுப் பூசை. அன்று வீட்டுக்குச் சாப்பிட வருபவர்களுக்கு அவள் குரலைக் கேட்கச் செய்ய வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. அவள் அனுப்பிய குரல் செய்திகள் பழைய போனோடு போய்விட்டன. மிச்சம் ஒன்றுதான்: 1994 கிறிஸ்துமஸுக்குக் கோயில் பாடகர் குழு பதிவு செய்த கேசட். குழுத் தலைவர் மார்ட்டின் அதைப் பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தார். பாடுபவர்கள் பதினொரு பெண்கள். நம் வீட்டு டிவியில் போட்டால் பதினொரு பேரும் ஒரே போர்வைக்குள் படுத்துக்கொண்டு பாடுவதுபோல் கேட்டது. லிசியைத் தனியாகக் கேட்க உயர்ந்த ரக ஸ்பீக்கர் வாங்குவது என்று முடிவு செய்தேன். துன்பம் அங்கே தொடங்கியது.

ஸ்ரீரங்கத்தில் பீமராவ் என்று ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர் ஒருவர் இருக்கிறார். இந்த விஷயத்தில் வல்லவர் என்றார்கள். போனேன். ஹாலில் ஆள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்கள். எதிரே சாக்பீஸால் வட்டம் போட்டு, அதன்மேல் ஒரே ஒரு நாற்காலி. என்னை உட்காரவைத்து, தரையிலிருந்து என் காதுவரை டேப்பால் அளந்தார். மூன்று விரற்கடை குறைவு என்று ஒரு தலையணையை அடியில் வைத்தார். "தலையை ஆட்டாதீங்கோ சார். ரெண்டு அங்குலம் நகர்ந்தாலும் பாட்டு ஒரு பக்கமா சாஞ்சுடும்." உள்ளேயிருந்து அவர் மனைவி, "மிக்ஸி போடலாமா, இன்னும் பாட்டு சாயறதா?" என்றார். "பத்து நிமிஷம் பொறு." "கார்த்தாலேர்ந்து அதே பத்து நிமிஷம்தான்." லிசியும் நானும் இப்படி ஒரு விஷயத்துக்காவது சண்டை போட்டிருக்கலாம் என்று தோன்றியது. நான் வீட்டில் இருந்தால்தானே சண்டை வரும்?

ஸ்பீக்கர் பாதி, அறை பாதி என்று பீமராவ் சொல்லி அனுப்பியதால், வீட்டுக்கு வந்து சுவரெல்லாம் ஜமுக்காளம் தொங்கவிட்டேன். இரும்பு பீரோ அதிரும் என்றதால் லிசியின் பீரோவைப் பின்னறைக்குத் தள்ளினேன். அது இருந்த இடத்தில் தரை மட்டும் புதிதாக இருக்கிறது. பக்கத்து வீட்டு ராசாத்தி எட்டிப் பார்த்து, "என்னங்க சார், வீட்டைக் காலி பண்றீங்களா?" என்றாள். ஸ்பீக்கர் வருகிறது என்றேன். "எங்க வீட்ல மாப்பிள்ளை வந்தப்பகூட இவ்ளோ ஒதுக்கலைங்க" என்று போய்விட்டாள்.

பிறகு தில்லைநகரில் ஒரு கடை. ஆஃப்ரின் என்ற பெண் மூன்று ஜோடிகளைப் போட்டுக் காட்டினாள். முதல் ஜோடியில் ஆர்மோனியம் என் வயிற்றுக்குள் வாசித்தது. இரண்டாவதில் பாட்டு இனிமைதான். ஆனால் பாடியவர்கள் காவிரிக்கு அக்கரையில் நின்றார்கள். "கண்ணை மூடிக்கோங்க அங்கிள், யார் யார் எங்க நிக்கிறாங்கன்னு தெரியும்" என்று மூன்றாவதைப் போட்டாள். மச்சான், தெரிந்தது. ஒருத்தி மூச்சு வாங்குகிறாள். ஒருத்தி தாளைப் புரட்டுகிறாள். ஒருத்திக்கு ஜலதோஷம். எண்ணிப் பார்த்தேன், பதினொரு குரல், தனித்தனியாக.

"இதுல ஆன்ட்டி யாரு அங்கிள்?" என்றாள் ஆஃப்ரின்.

எனக்குத் தெரியவில்லை. இரண்டாம் முறை போடச் சொன்னேன், மூன்றாம் முறையும் போடச் சொன்னேன். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அவள் பாடல் பயிற்சிக்குப் போவாள். அது நான் பத்திரிகையின் ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்துக்குச் செய்தி அனுப்பும் நேரம். பூசையில் அவள் பாடும்போது நான் வெளியே நின்று யாரிடமாவது அரசியல் பேசிக்கொண்டிருப்பேன். முப்பத்து நான்கு வருடம் குடித்தனம் செய்தவளுடைய பாட்டுக் குரல் எனக்கு அடையாளம் தெரியவில்லை. அந்தப் பெண் காத்திருந்தாள். "இடது பக்கம் மூணாவது" என்றேன். அவள் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "சூப்பரா பாடுறாங்க அங்கிள்" என்றாள். அந்த வெட்கத்திலேயே அந்த ஜோடியை வாங்கிவிட்டேன். விலையை எழுதினால் தாங்கள் நினைவுநாளுக்கு வரமாட்டீர்கள்.

ஆகவே தாங்கள் இரண்டு நாள் முன்னதாகவே வந்து, அந்தப் பதினொன்றில் லிசி எது என்று எனக்குக் காட்டித்தர வேண்டும். சின்ன வயதிலிருந்து அவள் பாடிக் கேட்டவர் தாங்கள் ஒருவர்தான் மிச்சம். இதை யாரிடமும் சொல்ல வேண்டாம்.

அக்காவுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகளுக்கு மாதா துணையிருப்பாளாக. தங்கள் முழங்கால் பஸ் படிக்கட்டைத் தாங்கும்படி வேண்டிக்கொள்கிறேன்.

தங்கள்,
இருதயநாதன்

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் மார்ட்டினுக்குப் போன் செய்தேன். நினைவுநாளில் வாசிக்கலாம் என்று பதினொரு பெயரையும் கேட்டேன். அவர் அந்த வருடத்து வருகைப் பதிவு நோட்டைத் தேடி எடுத்து ஒவ்வொன்றாகப் படித்தார். லிசி பெயர் வரவில்லை. பன்னிரண்டாவதாக அதைப் படித்தார்: "லிசி, வரவில்லை. கணவருக்கு அம்மை." இறந்தவர் பெயரை இரண்டு முறை சரிபார்க்காமல் நான் ஒரு செய்தியும் அனுப்பியதில்லை மச்சான், இதைச் சரிபார்க்கவில்லை. இரண்டு மாதம் பயிற்சிக்குப் போனவள், கேசட் பதிவு செய்த அன்று எனக்கு வேப்பிலை வீசிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள். வீசிக்கொண்டே தன் பங்கைப் பாடினாளா தெரியவில்லை. நான் பக்கத்தில்தான் இருந்தேன், தூங்கியிருப்பேன். ஆகையால் ஸ்பீக்கரைக் கேட்கத் தாங்கள் வர வேண்டியதில்லை. ஆனாலும் வாருங்கள். அவள் எப்படிப் பாடுவாள் என்று தாங்களே பாடிக் காட்டுங்கள். தங்களுக்குப் பாட்டு சுத்தமாக வராது என்று லிசி சொல்லியிருக்கிறாள். பரவாயில்லை.