தானே பார்த்துக்கொள்ளும் டி.வி.

டி.வி. திரையில் அந்தப் பெண் மறுபடியும் அழுதுகொண்டிருந்தாள்.

எஞ்சினியர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கிட்டே போய்ப் படித்தார். ‘ஈரத் தலையணை. பகுதி 212. விட்ட இடத்திலிருந்து தொடரவும்.’

"யாரு பார்த்தது இத?"

சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "எத?"

"இந்த ஒப்பாரிய."

"எனக்கு அந்த ரிமோட்ல எந்தப் பொத்தான் எதுக்குன்னே தெரியாது. சாயங்காலம் நீங்க செய்தி வைப்பீங்க, நான் காய் நறுக்குவேன். எனக்கும் டி.வி.க்கும் அவ்வளவுதான் உறவு."

"வீட்டுல இருக்கறது ரெண்டு பேரு. நான் பார்க்கல."

"அப்ப நான்தான்னு நேராவே சொல்லிடுங்களேன்."

அவர் சொல்லவில்லை. ஆனால் சொல்லாமல் விட்ட விதத்திலேயே சொல்லிவிட்டார்.

அந்த வீட்டில் செய்தியைத் தவிர வேறெதுவும் ஓடாது என்பது தெருவுக்கே தெரிந்த விஷயம். தெரியும்படி அவரே சொல்லி வைத்திருந்தார். ஒரு குடும்பம் கூடத்தில் உட்கார்ந்து எதைப் பார்க்கிறதோ அதை வைத்தே அதன் தரத்தைச் சொல்லிவிடலாம் என்பது அவர் கட்சி. அந்தக் கட்சிக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை சோதனை காத்திருந்தது. வெளியூரில் வேலை பார்க்கும் மகள், கூட வேலை செய்யும் பையனை விரும்பினாள். பையனின் பெற்றோர் கல்யாணப் பேச்சுக்கு வருகிறார்கள். அப்பா ஓய்வுபெற்ற நீதிபதி.

"ரொம்பக் கண்டிப்புப்பா அவரு," என்று மகள் போனில் எச்சரித்திருந்தாள். "அவர் சிரிச்சு வீட்டுலயே யாரும் பார்த்ததில்ல. ஏதாவது பிடிக்கலன்னா பாதியில எழுந்து போயிடுவாரு."

எஞ்சினியருக்குக் கேட்கும்போதே அவரைப் பிடித்துப்போயிற்று. அப்படிப்பட்ட மனிதர் சோபாவில் வந்து உட்காரும்போது எதிரே திரையில் அந்த சீரியல்காரி கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றால்?

டி.வி.யை வாங்கி, அதில் படம் பார்க்கத் தன் பேரில் ஒரு கணக்கும் திறந்து அனுப்பியதே மகள்தான். சுவரில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கும். பேசினால் பேசும். பார்த்ததையெல்லாம் ஞாபகம் வைத்துக்கொள்ளும். அவளிடமே ஒரு வார்த்தை கேட்கலாம். ஆனால் பெற்ற மகளுக்குப் போன் போட்டு, ‘உங்கம்மா திருட்டுத்தனமா சீரியல் பார்க்கறா’ என்று சொல்கிற வம்சம் இல்லை அவருடையது.

குடிநீர் வாரியத்தில் காலமெல்லாம் கசிவு கண்டுபிடித்தவர். இதுவும் ஒரு கசிவுதான் என்று தீர்மானித்தார். தட்டுத் தடுமாறி ‘பார்த்தவற்றை அழி’ என்ற பொத்தானைக் கண்டுபிடித்து அழுத்தினார். அழுகை மறைந்தது.

மறுநாள் காலையில் அழுகிற பெண் திரையில் திரும்பி வந்திருந்தாள். இந்த முறை முதல் பகுதியிலிருந்து தொடங்கி ஒன்பதாம் பகுதிவரை ஓடியிருந்தது.

"ஒரே ராத்திரியில ஒன்பதா?" என்றார்.

"நான் ஒன்பது மணிக்கே தூங்கிட்டேன். என் குறட்டைய நீங்கதான குறை சொன்னீங்க?"

மறுக்க முடியாத சாட்சி. ஆனாலும் மறுபடி அழித்துவிட்டு, அன்று நடைப்பயிற்சிக்குப் போகும்போது ரிமோட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார். வழியில் ஒருவர், "என்ன சார், புதுப் போனா?" என்று கேட்டார். வேகத்தைக் கூட்டினார். திரும்பி வந்து பார்த்தால், மறுபடி முதலிலிருந்து தொடங்கி இரண்டாம் பகுதி.

டி.வி. மெக்கானிக் வரவழைக்கப்பட்டார். அவர் திரையைப் பார்த்தார், எஞ்சினியரைப் பார்த்தார், லேசாகச் சிரித்தார்.

"இதுல வெட்கப்பட என்ன சார் இருக்கு? எல்லாரும் பார்க்கறதுதான்."

"நான் பார்க்கலய்யா!"

"சரி சார், நீங்க பார்க்கல. இது பழைய பெட்டி மாதிரி இல்ல. இனிமே வர்ற டி.வி. எல்லாம் இப்படித்தான். நாம அதைப் பார்க்கறோம், அது நம்மைப் பார்க்குது. நம்ம ருசி என்னன்னு கத்துக்கும். நல்லதா நாலு போட்டுக் காட்டுங்க, தானா திருந்திடும்."

வளர்த்து ஆளாக்குவது அவருக்குப் புதிதல்ல. மறுநாள் காலையிலிருந்து இரவுவரை செய்தி விவாதங்களாகவே ஓடவிட்டார். ஆறு பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள், மேசையைத் தட்டினார்கள், ஒருவர் மைக்கைக் கழற்றி எறிந்துவிட்டுப் போனார். எஞ்சினியர் தலைவலி மாத்திரை போட்டுக்கொண்டு பொறுத்துக்கொண்டார்.

இரவில் டி.வி. தான் கற்ற பாடத்தை ஒப்பித்தது. ‘செய்தி விவாதங்களை விரும்பிப் பார்ப்பவர்களுக்கு: மாமியாரா மருமகளா, நாத்தனார் நரகம், பாகப்பிரிவினைப் போர்.’ நடுவில், கொஞ்சமும் கலங்காமல், ஈரத் தலையணை. பகுதி 30.

மனைவி பாத்திரம் துடைத்துக்கொண்டே திரையை ஆராய்ந்தாள். "அது மேல என்ன தப்பு? ரெண்டுலயும் ஒரே சத்தந்தான?"

சனிக்கிழமை அவர் கடைசி ஆயுதத்தை எடுத்தார். பிளக்கையே பிடுங்கி, வயரைச் சுருட்டி, பீரோவில் வைத்துப் பூட்டினார். சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தார். காலையில் எழுந்ததும் மறுபடி மாட்டிப் பார்த்தார்.

பகுதி 41.

அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "இது... தானாவே பார்க்குது."

மனைவி அவர் தோளைத் தட்டிக் கொடுத்தாள். "துணி துவைக்க மெஷின் வந்துச்சு, மாவரைக்க மெஷின் வந்துச்சு. டி.வி. பார்க்கற வேலையும் நமக்கு மிச்சம்னு நெனச்சுக்கோங்க. வந்து குளிங்க, அவங்க வர்ற நேரமாச்சு."

வேறு வழியில்லாமல் டி.வி.யின் மேல் ஒரு போர்வையைப் போர்த்தினார். சுவரில் யாரோ காய்ச்சலோடு படுத்திருப்பதுபோல் இருந்தது.

மகளோடு பையனும் பெற்றோரும் வந்தார்கள். நீதிபதி, மகள் சொன்னதற்கு ஒரு குறையும் வைக்கவில்லை. முதுகு வளையாமல் உட்கார்ந்தார். டீயை வாங்கிக்கொண்டார். வார்த்தையைச் சில்லறைபோல் எண்ணிக் கொடுத்தார். எஞ்சினியரும் அதே நேர்த்தியோடு உட்கார்ந்தார். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. பையனின் அம்மாவும் மனைவியும் அதற்குள் வாடி போடி என்று சொல்லாத குறையாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"என்னப்பா, டி.வி.க்கு என்ன ஆச்சு?" மகள் எழுந்தாள்.

"தொடாதம்மா. தூசி—"

போர்வை விழுந்தது. ஆள் முகங்களைக் கண்டதும் திரை விழித்துக்கொண்டது. அழுகிற பெண் சுவரளவுக்கு வந்து நின்றாள். டி.வி. கணீரென்று பேசியது:

"வணக்கம். ஈரத் தலையணை, பகுதி நாற்பத்தொன்று. நேற்று இரவு மூன்று முறை திரும்பப் பார்த்த காட்சியை மீண்டும் போடவா?"

 நீதிபதி டீக் கோப்பையைக் கீழே வைத்தார். முகம் வெளிறிப்போயிருந்தது. எழுந்து போகத் தயாராவதுபோல் சோபாவின் நுனிக்கு நகர்ந்தார். மகளின் கண்கள் அப்பாவிடம் கெஞ்சின. எல்லாருடைய பார்வையும் மெல்ல மனைவியின் பக்கம் திரும்புவதை எஞ்சினியர் கண்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

மனைவி தலைகுனிய அவர் பார்த்துக்கொண்டிருந்ததில்லை. எழுந்து நின்றார். பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது.

"நான்தான் பார்த்தேன். எல்லாம் நான்தான். இவளுக்கு ரிமோட்டே பிடிக்கத் தெரியாது. நீங்க தீர்ப்பு சொல்றதா இருந்தா என்னை வெச்சு சொல்லுங்க, என் குடும்பத்தை வெச்சு சொல்லாதீங்க."

மனைவி தலையைத் தூக்கி, கல்யாணமான புதிதில் பார்த்ததுபோல் அவரைப் பார்த்தாள்.

 நீதிபதி கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அவர் மனைவி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வாயைப் பொத்திச் சிரித்தாள்.

"அடுத்தவர் பழிய நீங்க ஏன் சுமக்கறீங்க சம்பந்தி? உங்க பொண்ணு எங்க பையனுக்குக் குடுத்த அதே கணக்குலதான் எங்க வீட்டு டி.வி.யும் ஓடுது; அங்க பார்க்கறதெல்லாம் இங்கயும் தெரியுது. யாரோ பாவி அழிச்சு அழிச்சு விட்டதுல, வாரம் பூரா முதல் பகுதியிலேர்ந்து திரும்பத் திரும்ப அழுதது இவரு!"