சைகோன் கிளட்ச்

கனகராஜ் இரண்டு கையாலும் கியர் கம்பைப் பிடித்துத் தள்ளினார். வேன் 'கர்ர்ர்' என்று அலறியதே தவிர, கியர் விழவில்லை. பாகூர் கடைத்தெருவே திரும்பிப் பார்த்தது.

"இன்னாங்க, புது கிளட்ச்சு போட்டாச்சின்னீங்க?" பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி தெய்வநாயகி கேட்டாள்.

"போட்டாச்சிதான். கொஞ்சம் பழகணும்."

"வண்டியா, நீங்களா?"

மளிகைக் கடைக்காரர் கனகராஜ் சிரிக்கிற நிலையில் இல்லை. வெள்ளிக்கிழமை மைத்துனன் இராமச்சந்திரனுக்குக் கல்யாணம். பெண்ணையும் மாப்பிள்ளையையும் கோயிலிலிருந்து ஏற்றிக்கொண்டு, ஏரிக்கரை மேடேறி வீட்டில் கொண்டுபோய் இறக்கும் பெருமை மூத்த மருமகனான அவருக்கு. நடுவில் வில்லியனூர் சகலை செல்லப்பன் ஒரு கார் வாங்கித் தொலைத்திருந்தான். "மூத்த மாப்ள வண்டி மேட்டுல நின்னுட்டா ஊரு சிரிக்கும். சின்ன மாப்ள காரையே சொல்லிடட்டுமா?" என்று மாமியார் கோகிலாம்பாள் வாய் கூசாமல் கேட்டும் விட்டாள்.

வண்டி மேட்டில் நிற்பது என்னவோ உண்மைதான். ஊருக்குக் கப்பலேறிய பிரெஞ்சுக்காரர் ஒருவர் விற்றுவிட்டுப் போன வேன் அது. அரிசி மூட்டைகளை ஏற்றினால் சமர்த்தாக மேடேறும். தெய்வநாயகியை ஏற்றினால் முனகும், தீய்ந்த நாற்றம் அடிக்கும், நின்றுவிடும். "பத்து மூட்டையவிட நீ கனமாடி?" என்று கேட்டுவிட்டு கனகராஜ் பட்ட பாடு தனிக்கதை.

"தீய்ஞ்ச நாத்தம் வந்தா கிளட்ச்சுதான் மொதலாளி" என்று தீர்ப்புச் சொன்னார் மெக்கானிக் உத்திராபதி. சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து திரும்பிய ஒருவர் கொண்டுவந்திருந்த ராணுவ வண்டிக் கிளட்ச்சைத் தேடிப் பிடித்து மாட்டினார். "கெட்டி ஸ்பிரிங்கு. யானையக்கூட இழுக்கும்!"

யானையை இழுக்குமோ என்னவோ, கியர் விழவில்லை. மறுபடி உத்திராபதியைப் பிடித்தார்கள்.

"பெடல் லூசா கீது" என்று அவர் எதையோ திருகினார். பெடல் கல்லாகிவிட்டது. கனகராஜ் சீட்டை விட்டு எழுந்து நின்று மிதித்தார்.

"இன்னா மொதலாளி, வண்டியில ஏத்தம் எறைக்கிறியா?" என்றாள் கறிகாய் விற்கும் கலியம்மாள். கடைத்தெரு முழுக்கச் சிரிப்பு.

"பெடல்ல ஒரு குழாயச் சொருகி நீட்டிட்டா மிதி லேசாயிடும்" என்றார் உத்திராபதி. லேசாகத்தான் ஆயிற்று. ஆனால் காலைத் தூக்கும்போதெல்லாம் முழங்கால் ஹாரனில் இடித்தது. கியர் மாற்றத் தெரியாத வேன் ஊரெல்லாம் கத்திக்கொண்டு போனது.

"அப்ப கியர் ஆயில்தான் சரியில்ல." கெட்டி ஆயிலை ஊற்றினார். மறுநாள் காலை கியர் கம்பு அசையவே இல்லை.

வியாழக்கிழமை கோகிலாம்பாள் நேரிலேயே வந்து பார்த்தாள். "வாணாம் மாப்ள. செல்லப்பனுக்கு ஆள் அனுப்பறேன்."

கனகராஜுக்கு அழுகையே வந்துவிட்டது. "அத்தே, சாயங்காலம் வரைக்கும் பொறுங்க! யோவ் உத்திராபதி, கழட்டுய்யா எல்லாத்தையும்!"

கிளட்ச் வெளியே வந்தது. பிளேட்டில் பிரெஞ்சில் ஏதோ பொறித்திருந்தது.

"இன்னாய்யா எழுதிக்கீது?"

"கொத்தே வொலான். வொலான் பக்கம்னு அர்த்தம். வொலான்னா ஸ்டேரிங்குதானே? அதான் அந்தப் பக்கத்த ஸ்டேரிங்கப் பாத்தாப்ல வெச்சி மாட்..." உத்திராபதி பாதியில் நிறுத்தினார். முகம் வெளுத்துவிட்டது. "மொதலாளி, திட்டக் கூடாது."

"சொல்லித் தொலைய்யா!"

"எஞ்சினோட சுத்துற பெரிய சக்கரத்துக்கும் பிரெஞ்சுல வொலான்னுதான் பேரு. பிளேட்ட முன்பின்னா மாட்டிட்டேன்."

கனகராஜ் திட்டினார். தமிழில் திட்டி முடித்துப் பிரெஞ்சிலும் திட்டினார். உத்திராபதி பிளேட்டைத் திருப்பி மாட்டி, குழாயைக் கழற்றி, பழைய ஆயிலையே ஊற்றினார். கியர் வாழைப்பழத்தில் ஊசி ஏற்றினாற்போல் விழுந்தது. உத்திராபதி தனியாக ஏரிக்கரை மேடேறி, ஒரு முனகல் இல்லாமல் திரும்பி வந்தார். அன்றிரவு கனகராஜ் நிம்மதியாகத் தூங்கினார்.

வெள்ளிக்கிழமை வேன் முழுக்கப் பூ. பின்சீட்டில் இராமச்சந்திரனும் மணப்பெண் கண்ணகியும். முன்னால் கனகராஜுக்குப் பக்கத்தில் பட்டுப்புடவை சரசரக்கத் தெய்வநாயகி. எதற்கும் இருக்கட்டும் என்று பின்னாலேயே செல்லப்பனின் கார், அதில் கோகிலாம்பாள்.

முதல் கியர், இரண்டாம் கியர், எல்லாம் வெண்ணெய். "எப்பிடிக்கீது மாப்ள?" என்று கனகராஜ் மைத்துனனைக் கேட்டுக்கொண்டே மேட்டைப் பார்த்து விரட்டினார்.

பாதி மேட்டில் வேன் முனகியது. தீய்ந்த நாற்றம் அடித்தது. நின்றுவிட்டது.

பின்னால் செல்லப்பன் ஹாரன் அடித்தான். கோகிலாம்பாள் கார் ஜன்னலில் தலையை நீட்டினாள். "பொண்ணு மாப்ளைய எறக்கி இந்த வண்டிக்கு அனுப்புங்க மாப்ள! நல்ல நேரம் போவுது!"

கனகராஜ் வேனின் முகப்பை ஓங்கிக் குத்தினார். "கிளட்ச்சு புதுசு, பிளேட்டத் திருப்பியாச்சு! இன்னும் இன்னாதான் வேணும் ஒனக்கு? சொல்லித் தொலையேன்!"

வேன் சொல்லவில்லை. தாலி ஏறியதிலிருந்து தலை நிமிராமல், வாயே திறக்காமல் வந்த லாரி டிரைவர் மகள் கண்ணகி, குனிந்த தலை குனிந்தபடியே மெதுவாகச் சொன்னாள்:

"அண்ணே, நீங்க வேகம் எடுக்கறப்பல்லாம் அண்ணி பயந்துக்கினு ஹேண்ட் பிரேக்க இழுத்துப் புடிச்சிக்கிறாங்க. அத வுடச் சொல்லுங்க."