நரி கொண்டுபோன ஊதாச் சப்பாத்து

தமிழர் குடியிருக்கும் வீட்டைக் கண்டுபிடிக்க அழைப்பு மணிக்குப் பக்கத்தில் இருக்கும் பெயரைப் படிக்க வேண்டியதில்லை. வாசலைப் பார்த்தால் போதும். சுவிஸில், ஷ்லீரனில் நாங்கள் இருக்கும் மாடி வந்துவிட்டது என்பதை அயலவர்கள் எங்கள் செருப்புகளில் தடுக்கித்தான் தெரிந்துகொள்வார்கள். படிக்கட்டில் பொருள் வைக்கக் கூடாது, தீப்பிடித்தால் ஒருவரும் ஓட முடியாது என்று கட்டடப் பராமரிப்பாளர் வந்து வந்து சொல்லிப் பார்த்தார். நாங்கள் தலையாட்டினோம். (அந்தத் தலையாட்டலுக்கு என்ன பொருள் என்று அவருக்கு இன்றுவரை விளங்கவில்லை.) சப்பாத்தோடு ஒருவன் வீட்டுக்குள் வருவதைவிடக் கட்டடமே எரிந்துபோகலாம் என்பது என் மனைவி றெஜினாவின் நிலைப்பாடு.

அதை அவளே ஒருமுறை மீறினாள்.

மன்னார்க்காரி, முதியோர் இல்லத்தில் சலவைப் பகுதியில் வேலை. அவளோடு வேலை செய்த பெண் ஒருத்தி பெடூயின் என்ற நாடோடி இனத்து வழிகாட்டிகளோடு, பைபிளில் வரும் சீனாய்ப் பாலைவன மலைகளில் நாள் கணக்காக நடந்துவிட்டு வந்து படங்களைக் காட்டினாள். அன்றிலிருந்து றெஜினாவுக்கு வேறு கதை இல்லை.

"பஸ்ஸில ஏறிப் போய்ப் பாக்கிறது சுற்றுலா. நடந்து போனாத்தான் யாத்திரை," என்றாள்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஒரு தரிப்பிடம் தள்ளியிருக்கும் கடைக்கே பஸ் ஏறுகிறவள் பாலைவனத்தில் நடக்கப்போகிறாளாம். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மகள் அனித்தாவையும் தன்னையும் பயணத்துக்குப் பதிந்தாள். மலிவு விற்பனையில் ஊதா நிறத்தில் மலையேறும் சப்பாத்து ஒரு சோடி வாங்கினாள். வீட்டில் போட்டு நடந்தால்தான் தோல் இளகும் என்று கடைப் பெண் சொல்லிவிட்டாள். வேலை முடிந்து வந்து, சப்பாத்தைக் கட்டிக்கொண்டு, கையில் செபமாலையோடு சாப்பாட்டு மேசையைச் சுற்றிச் சுற்றி நடப்பாள். கீழ்வீட்டுக்காரர் தடியால் தன் வீட்டு முகட்டில் இடிப்பார்.

"என்ன, வீட்டுக்குள்ள சப்பாத்தோ?" என்று நான் கிண்டலடித்தால், "இது இன்னும் மண் மிதிக்கேல்லை, அதால குற்றமில்லை," என்பாள்.

பிறகு வருத்தம் வந்து உடம்பு தளர்ந்தது. மேசையைச் சுற்றி நடந்தவள் குசினிவரை மட்டும் நடந்தாள். பிறகு கட்டிலில் இருந்தபடியே சப்பாத்தைப் போட்டுக் காலைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தாள். ஒருநாள், "கழட்டிவிடுங்கோ, பாரமாக் கிடக்கு," என்றாள். நான் கழற்றிக் கட்டிலுக்குக் கீழே வைத்தேன்.

அவளுடைய செத்தவீட்டில் நான் அழவில்லை. வந்தவர்களின் கார்களை எங்கே விடுவது, சாப்பிடக் கொடுக்க றோல்ஸ் காணுமா என்பதிலேயே ஓடித்திரிந்தேன். அதன் பிறகு அனித்தாவும் நானும் வீட்டில் 'அம்மா' என்ற சொல்லையே எடுப்பதில்லை. குப்பைப் பை, காப்புறுதி, பனி, இவற்றைப் பற்றிக் கதைப்போம். இரண்டு பேரும் மற்றவரை அழவைத்துவிடக் கூடாது என்று அவ்வளவு கவனம். அது எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. அவளுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

ஒருநாள் அவளே, "அப்பா, அந்தப் பயணத்தை நான் நிப்பாட்டேல்லை. நீங்க வாங்கோ," என்றாள். "ஓம்," என்றேன்.

நான் எந்தச் சப்பாத்தைப் போடப்போகிறேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. என் மனைவியின் கால் என் காலைவிடப் பெரியது. (கலியாணத்தன்று தேவாலய வாசலில் மாறிப் போட்டுப் பார்த்து அவளுடைய தங்கைமார் கண்டுபிடித்த விசயம். அன்று தொடங்கிய சிரிப்பு.) இரண்டு காலுறைகளைப் போட்டால் எனக்குக் கச்சிதம். அந்தச் சப்பாத்தை மலை உச்சிவரை கொண்டுபோய்விட வேண்டும் என்று எனக்குள் முடிவெடுத்திருந்தேன். அவள் போகாத இடத்துக்கு அதுவாவது போகட்டும்.

விமான நிலையத்தில் அனித்தா என் காலைப் பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எங்கள் வழிகாட்டி சாலிஹ், என் வயதுக்காரர். சுற்றுலாக்காரரிடம் பொறுக்கிய ஜெர்மன் பேசினார். நாங்கள் எல்லோரும் சந்திரனில் இறங்கப்போகிறவர்கள்போல வெளிக்கிட்டு நிற்க, அவர் றப்பர்ச் செருப்போடு பாறையில் ஏறினார். எங்களோடு வந்த சுவிஸ்காரர்கள் என் ஊதாச் சப்பாத்தைப் புகழ்ந்தார்கள். நான் புதுமாப்பிள்ளைபோல நெளிந்தேன். மூச்சு வாங்கியது, முழங்கால் கெஞ்சியது, எங்கள் மூட்டைகளைச் சுமந்த ஒட்டகம் என்னைப் பார்த்து முகம் சுளித்தது. ஆனாலும் நடந்தேன்.

முதல் நாள் மாலை சாலிஹ் நெருப்பு மூட்டி, சாம்பலுக்குள் ரொட்டி புதைத்துச் சுட்டுத் தந்துவிட்டு, ஒரே ஒரு கட்டளை போட்டார். படுக்கும்போது சப்பாத்துகள் கூடாரத்துக்குள் இருக்க வேண்டும். இங்கே நரி வரும், தோல் வாசத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விடும்.

மற்றவர்கள் சொன்னபடி செய்தார்கள். நான் தலையாட்டினேன்.

"அப்பா, சப்பாத்தை உள்ள எடுங்கோ," என்றாள் அனித்தா.

"படுக்கிற இடத்திலயோ? நரி அதை என்ன செய்யும், போட்டுக்கொண்டு வேலைக்குப் போகுமோ?"

"அவர் பகிடிக்குச் சொல்லேல்லை, அப்பா."

"பிள்ளை, இது ஆண்டவரே செருப்பைக் கழட்டச் சொன்ன மலை. வெளியில வைக்கிறதுதான் மரியாதை."

வேதாகம அறிவால் மகளை வாயடைக்க வைத்த திருப்தியோடு, இரண்டையும் தூசு தட்டி, குதிகளைச் சேர்த்து, வாசலில் அழகாக வைத்துவிட்டுப் படுத்தேன்.

விடிய எழும்பிப் பார்த்தால் இடது கால் மட்டும் நின்றது.

அதற்குப் பிறகு நான் செய்ததை நினைத்தால் இன்றும் காது சுடுகிறது. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு முள்ளுக்குள் ஓடினேன். "டேய் நரி! கொண்டு வாடா! அது உன்ர கொம்மாவின்ர சப்பாத்தோடா?" என்று மலையைப் பார்த்துக் கத்தினேன். மலையும் ஒன்றுவிடாமல் திருப்பிச் சொன்னது. பல் துலக்கிக்கொண்டிருந்த சுவிஸ்காரர்கள் வாயில் நுரையோடு அப்படியே நின்றார்கள். சத்தம் போய், மூச்சும் போய், ஒரு கல்லில் குந்தி அழத்தொடங்கினேன். செத்தவீட்டில் அழவேண்டியதெல்லாம் அங்கேதான் வந்தது.

வீட்டுக்குள்ளேயே நடக்க அனுமதி கிடைத்த ஒரே சப்பாத்து அது. அதைப் போய் வெளியில் வைத்திருக்கிறேன்.

ஒரு சப்பாத்துக்காகவா இந்த மனிதன் இப்படி அழுகிறான் என்று சாலிஹ் அனித்தாவிடம் கேட்டார். அவள் ஜெர்மனில் பதில் சொன்னாள். "அது என் அம்மாவுடையது. அம்மா இறந்துவிட்டார்." அத்தனை மாதங்களுக்குப் பிறகு, ஜெர்மனில் என்றாலும், அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து அப்போதுதான் கேட்டேன்.

சாலிஹ் மற்றவர்களை, ஒட்டகத்தை நடத்தி வந்த தன் தம்பியோடு முன்னே அனுப்பிவிட்டு எங்களோடு தேடினார். நரியின் கால்தடம் மணலில் கொஞ்சத் தூரம் போய்ப் பாறையில் மறைந்தது. ஒரு பொந்துக்குள் கையைவிட்டு அவர் வெளியே எடுத்தவை: கடித்த செருப்பில் பாதி, சுவிஸ் சிலுவை போட்ட காலுறை ஒன்று, பிளாஸ்டிக் கரண்டி. எங்கள் சப்பாத்து இல்லை. வெயில் ஏறியதும் அவர் என்னருகே வந்து இருந்து, மனைவியின் பெயரைக் கேட்டார். "றெஜினா," என்றேன். அவரும் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு தன் பையிலிருந்து இன்னொரு சோடி றப்பர்ச் செருப்பை எடுத்து என் முன்னால் போட்டார்.

அப்படித்தான் உச்சிக்கு ஏறினேன். காலில் சாலிஹின் செருப்பு. கழுத்தில் நாடாவால் கட்டித் தொங்கும் இடது சப்பாத்து, ஒவ்வொரு அடிக்கும் நெஞ்சில் இடித்தது. உச்சியில் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருக்க, நாங்கள் இரண்டு பேரும் ஒதுங்கி நின்றோம்.

"அம்மா இப்ப நிண்டிருந்தா என்ன சொல்லியிருப்பா?" என்று கேட்டாள் அனித்தா.

நான் யோசிக்கத் தேவையிருக்கவில்லை. "'இஞ்சேருங்கோ, உள்ள வைக்கச் சொன்னா உள்ள வைக்கிறதுக்கென்ன?'"

"'அதுவும் என்ர சப்பாத்தை! உங்கடயை வெளியில வைக்கிறதுதானே!'" அவள் றெஜினாவின் குரலை அப்படியே எடுத்தாள். சிரிக்கத் தொடங்கியவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். நானும்தான். இறங்கும் வழியெல்லாம் றெஜினாவைப் பற்றியே கதைத்தோம்.

இப்போது அந்த இடது சப்பாத்து எங்கள் வீட்டு வரவேற்பறையில் இருக்கிறது. மண் மிதித்துவிட்டது, ஆனாலும் உள்ளேதான் இருக்கிறது. விருந்தாளிகள் வந்தால் அனித்தா நரிக்கதையை என் கத்தலோடும் சாரத்தோடும் நடித்துக் காட்டாமல் விடுவதில்லை. மற்றச் சப்பாத்து எங்கே என்று யாராவது கேட்டால் அவளிடம் ஆயத்தமாக ஒரு பதில் இருக்கிறது.

"அம்மா அதைப் போட்டுக்கொண்டு நடந்து வாறா. ஒத்தைச் சப்பாத்தெல்லோ, அதான் வரச் சுணங்குது."

சாலிஹும் விட்டபாடில்லை. மலையில் எங்கே ஒற்றைச் சப்பாத்தைக் கண்டாலும் படம் எடுத்து எனக்கு அனுப்பி, இதுவா என்று கேட்பார். குழந்தையின் சிவப்புச் செருப்பு வந்தது, கிழிந்த பட்டாளத்துச் சப்பாத்து வந்தது. ஒவ்வொரு முறையும் ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் படத்தைத் திறப்பேன். ஊதா இல்லை என்று கண்டதும் நிம்மதியாக மூச்சுவிட்டு, "இல்லை அண்ணை, இன்னும் பாருங்கோ," என்று ஜெர்மனில் எழுதிப்போடுவேன்.