இரண்டு கார், ஒரு குறட்டை

தாம்பரத்திலிருந்து ஒரகடம் வரைக்கும் ஓடிய எந்த வண்டியும் குறட்டை மேஸ்திரியை ஏமாற்றியதாகச் சரித்திரம் கிடையாது. ஏமாற்றப் பார்த்த மனிதர்கள் உண்டு. அவர்களும் தோற்றுத்தான் போனார்கள்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. அவர் மனைவிக்காவது தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். படப்பையில் ஒரு தகரக் கொட்டகை, அதில் நாலு ஸ்பேனர், ஒரு ஜாக்கி, கருத்துப்போன உறை போட்ட ஒரு தலையணை. இதில் தலையணைதான் முக்கியமான கருவி. பழைய வண்டி வாங்குகிறவர்கள் அவரை அழைத்துப்போனால், பானட்டைத் திறக்க மாட்டார். டயரை உதைக்க மாட்டார். பின்சீட்டில் தலையணையைப் போட்டுச் சாய்ந்து, "வுடுப்பா வண்டிய" என்பார். அடுத்த நிமிடம் குறட்டை ஆரம்பித்துவிடும். அது சாதாரணக் குறட்டை இல்லை. எதிரே வரும் மாட்டுவண்டி ஒதுங்கி வழிவிடும்.

குறட்டை தொடர்ந்து வந்தால் வண்டி நல்ல வண்டி, நடுவில் நின்றால் வண்டியில் எங்கேயோ கோளாறு. ஊரே இப்படித்தான் நம்பியது. ஒரு டாக்டரின் அம்பாசடரில் எங்கிருந்தோ ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது. மூன்று ஒர்க்‌ஷாப்பில் என்ஜினையே இறக்கிப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியவில்லை. நம்மவர் மணிமங்கலம் வளைவு வரைக்கும் தூங்கினார். சட்டென்று விழித்து, டிக்கியைத் திறந்து, ஸ்டெப்னிக்கு அடியிலிருந்து குழந்தையின் கிலுகிலுப்பையை எடுத்து டாக்டர் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார்.

இப்பேர்ப்பட்ட மனிதரைத்தான் 1991ல் என் தலையெழுத்தோடு கட்டிப்போட வேண்டியதாயிற்று.

ஒரகடம் பக்கம் அப்போது இத்தனை கம்பெனிகள் ஏது? ஏரியும் வயலும் நடுவில் ஒன்றிரண்டு ஷெட்டுகளும்தான். அதில் ஒன்று நாங்கள், ரப்பர் வாஷர் செய்கிறவர்கள். நான் ஸ்டோர்ஸில் சேர்ந்து ஐந்து மாதம். ஆறாவது மாதம் முடிந்தால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வீடு. அந்த நேரம் பார்த்து ஜெர்மனியிலிருந்து மூன்று பேர் எங்கள் வாஷரைப் பார்க்க வருவதாகக் கடிதம் வந்தது. எங்கள் எம்.டி.க்கு உடனே ஓர் ஆசை பிறந்தது.

"ஜெர்மன்காரன் மீனம்பாக்கத்துல எறங்கினா ஜெர்மன் வண்டிலதான் ஏறணும். பழசா இருந்தாலும் பெரிய வண்டியா இருக்கணும்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "வண்டிய செலக்ட் பண்றது உன் பொறுப்பு. வழியில வண்டி நின்னா நீயும் அங்கயே நின்னுக்கோ. ஆபீஸ் பக்கம் வராதே."

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

மெட்ராஸ் முழுக்கச் சல்லடை போட்டதில் இரண்டு கார்கள் அகப்பட்டன. ஒன்று கறுப்பு, இன்னொன்று பழுப்பு. ஒரே நாளில் இரண்டையும் வரவழைத்து, மேஸ்திரியையும் தலையணையையும் ஏற்றினேன்.

முதலில் கறுப்பு. யாரோ வெளிநாட்டு அதிகாரி வைத்திருந்ததாம். அதை விற்கக் கொண்டுவந்த புரோக்கர் எம்.டி.யோடு ஆபீசில் உட்கார்ந்துகொண்டார். வெள்ளை யூனிஃபார்ம் டிரைவர் ஓட்டினார். ஸ்டியரிங் இடது பக்கம் என்பதால், நான் வலது பக்கம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிரே வந்த லாரிக்காரர் என்னைப் பார்த்து, "யோவ், கைய கட்டிகினு ஓட்றியே, சாவ வேற வண்டி கெடைக்கலயா?" என்று கத்திவிட்டுப் போனார். வண்டி என்னவோ வெண்ணெயாகப் போனது. பின்னால் குறட்டை ஒரே சீராக வந்தது. எனக்கு உயிர் வந்தது.

படப்பையில் டீ குடிக்க இறங்கினோம். டிரைவர் என்ஜினை அணைக்கவில்லை.

"ஓடட்டும் சார். மேஸ்திரி தூங்குறாரு. ஏ.சி. நின்னா வேர்க்கும் பாருங்க" என்றார்.

என்ன நல்ல மனசு என்று நெகிழ்ந்துபோய் அவருக்கு ஒரு பிஸ்கட்டும் சேர்த்து வாங்கிக்கொடுத்தேன்.

வடக்குப்பட்டு பக்கம் ஒரு எருமைக் கூட்டம் ரோட்டை மறித்தது. பத்து நிமிடம் நின்றோம். அப்போதும் என்ஜின் ஓடிக்கொண்டேதான் இருந்தது. பேச்சுத்துணைக்கு வேறு ஆள் இல்லாததால் டிரைவரிடம் மனசைத் திறந்தேன்.

"இந்த வண்டியிலதான் என் பொழப்பே கீதுண்ணே. இது எங்கனா நின்னுச்சுன்னா என் வேலையும் போச்சு. வூட்ல வேற ஆறு மாசம் கர்ப்பம். எங்க மாமனாருக்கு இன்னா பதில் சொல்றதுன்னே தெரியல."

டிரைவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. எருமைகளைப் பார்த்துக்கொண்டே, "ராசியான வண்டி சார்" என்றார். பின்சீட்டில் குறட்டை இன்னும் பெரிதாயிற்று.

அடுத்தது பழுப்பு. அதன் சொந்தக்காரர் பல்லாவரத்து ரிட்டயர்டு வாத்தியார். எந்தப் பணக்கார மச்சினனோ விட்டுப்போன வண்டியாம். அவரே ஓட்டினார், ஓட்டிக்கொண்டே வண்டியின் மானத்தை வாங்கினார். "இடது கதவ ஓங்கி அடிச்சாதான் மூடும். ஏ.சி. செத்து ரெண்டு வருஷம் ஆச்சு. மூணாவது கியர் விழறப்ப ஒரு முனகல் வரும், பயப்படாதீங்க."

விற்க வந்தவர் பேசுகிற பேச்சா இது? திரும்பிப் பார்த்தேன். பகீரென்றது. மேஸ்திரி தலையணையை மடியில் வைத்துக்கொண்டு, கொட்டக் கொட்ட விழித்தபடி, ஜன்னல் வழியே வயலைப் பார்த்துக்கொண்டு வந்தார். போய்த் திரும்புகிற வரைக்கும் அவர் கண் மூடவில்லை.

கம்பெனி வாசலில் எம்.டி. காத்திருந்தார். கறுப்பு வண்டி அவர் எதிரில் மெல்ல உறுமிக்கொண்டு நின்றது.

"கறுப்புல தூங்கினாரா?"

"கடைசி வரைக்கும் சார்."

"பழுப்புல?"

"கண்ணே மூடல சார்."

"அப்புறம் என்ன? கறுப்புதான்!" என்று எம்.டி. கையைத் தட்டினார். புரோக்கர் காகிதங்களை பானட்டின் மேல் பரப்பினார். எம்.டி. பேனா மூடியைக் கழற்றினார்.

மேஸ்திரி என் பக்கத்தில் வந்து நின்றார். தலையணையைத் தட்டித் தூசு பறக்கவிட்டார். அந்தச் சத்தத்துக்கு நடுவே, எனக்கு மட்டும் கேட்கிற குரலில், "காலைலேந்து அந்த எஞ்சின் ஒரு தபாவாவது அணைஞ்சுதா?" என்றார்.

என் மண்டையில் பல்பு கொஞ்சம் தாமதமாகத்தான் எரியும். டீக்கடை. எருமை. இதோ, இப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. பேனா காகிதத்தைத் தொடப்போகிறது. நான் சொல்லப்போவது தப்பென்றால் வேலை இன்றைக்கே போகும். சொல்லாமல் விட்டு மீனம்பாக்கத்தில் வண்டி நின்றால் அன்றைக்குப் போகும்.

"சார்!" என்று கத்தியே விட்டேன். "கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை அணைச்சு ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க சார்."

"எதுக்குப்பா?" என்று எம்.டி. முறைத்தார்.

"சும்மா, ஒரு டீ குடிக்கற நேரம் சார்."

புரோக்கர் சிரித்தார். டிரைவர் சிரிக்கவில்லை. சாவியைத் திருப்பி அணைத்தார். டீ வந்தது. அந்த டீ சுட்டதா, இனித்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தம்ளர்கள் காலியாயின.

"ஸ்டார்ட் பண்ணு" என்றார் எம்.டி.

கர்ர்ர்... கர்ர்... கர். இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை. அப்புறம் அந்தக் கர் கூட இல்லை. "பேட்டரி சார்" என்று புரோக்கர் ஆரம்பித்தார். டிரைவர் தலையைக் குனிந்துகொண்டு, "சூடானா புடிக்காது சார். ஆறணும். ரெண்டு மணி நேரம் ஆவும்" என்று சொல்லிவிட்டார், பாவம். மதிய ஷிஃப்டுக்கு வந்த பன்னிரண்டு பேர் சேர்ந்து அந்த ராசியான வண்டியை கேட்டுக்கு வெளியே தள்ளினார்கள்.

எம்.டி. பேனாவை மூடினார். "மேஸ்திரி, எப்படிய்யா கண்டுபிடிச்சே?"

மேஸ்திரி வாயைப் பிளந்து ஒரு கொட்டாவி விட்டார். "நா தூங்கிகினு இருந்தேன் சார். கண்டுபுடிச்சது உங்க ஸ்டோர்ஸ்காரரு."

எம்.டி. என்னை முதல் தடவையாக முழுசாகப் பார்த்தார். அடுத்த வாரம் வேலை நிரந்தரமானது. பழுப்பு வண்டி ஜெர்மன்காரர்களை ஒழுங்காகக் கொண்டுவந்து சேர்த்தது. இடது கதவை அவர்களில் ஒருவரே ஓங்கி அடித்து மூடினார்.

வேலை நிரந்தரமான மறுநாளே நன்றி சொல்லக் கொட்டகைக்குப் போனேன். மனசிலிருந்த சந்தேகத்தையும் கேட்டேன். "அது சரி, பழுப்புல ஏன் தூங்கல?"

"அந்த வாத்தியாரு பொய்யே சொல்லல. அப்பறம் எதுக்குக் கொறட்ட வுடணும்? தொண்ட வலிக்கிதுப்பா."

அப்போதுகூட எனக்கு முழுசாகப் புரியவில்லை.

மூன்று மாதம் கழித்து மகள் பிறந்தாள். ஸ்வீட்டோடு போனேன். மேஸ்திரி ஒரு லட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "அன்னிக்கு ஆறு மாசம்னியே. கரீட்டாதான் வந்துகீது" என்றார். "மாமனாரு இப்போ இன்னா சொல்றாரு?"

ஆறு மாசத்தையும் மாமனாரையும் பற்றி நான் அவரிடம் சொன்னதே இல்லை. எருமைகள் போகட்டும் என்று காத்திருந்தபோது டிரைவரிடம்தான் சொன்னேன். அந்த நேரத்தில் பின்சீட்டில் குறட்டை எவ்வளவு பெரிதாக வந்தது என்பதும் அப்போதுதான் ஞாபகம் வந்தது.

அதற்கப்புறம் நானும் சொந்தமாக மூன்று கார் வாங்கிவிட்டேன். மூன்றும் சத்தமே இல்லாத நல்ல வண்டிகள்தான். ஆனாலும் ஒவ்வொரு தடவையும், வாங்குமுன் ஓட்டிப் பார்க்கும்போது, என் காது பின்சீட்டில் அந்தக் குறட்டையைத் தேடுகிறது.