குடையா, காளானா?

குடைக்கட்சி முப்பத்தேழு ஓட்டில் தோற்ற மறுநாள் காலை, கண்ணாடிக்கடைக்காரர் பல் துலக்கிக்கொண்டே ஒரு சபதம் எடுத்தார். வாய் நிறைய நுரை இருந்ததால் மனைவிக்கு அது புரியவில்லை. கொப்பளித்துவிட்டு வந்து இரண்டாம் முறை எடுத்தார்.

“இனிமே காளானுக்கு ஓட்டுப் போட்டவனோடயும் பேச்சு கிடையாது. ஓட்டே போடாதவனோடயும் பேச்சு கிடையாது. இந்த ஜென்மத்துல கிடையாது!”

“பூட்டுக் கட்சிக்குப் போட்டவங்களோட?”

“அவங்களோட பேசலாம். அவன் எதிரி. நேருக்கு நேர் நின்னான், ஜெயிச்சான். இந்தக் காளான் கட்சி இருக்கே, முளைச்சு மூணு மாசம் ஆகல. தானும் ஜெயிக்காது, ஜெயிக்கறவனையும் விடாது. குடைக்கு ஓட்டுப் போடுங்கடான்னா, குடைக்கு ஓட்டை போட்டு வெச்சிருக்கானுங்க!”

“சரிங்க.”

இந்த இடத்திலேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும். சண்டை போட்டால் அவளைச் சமாளித்துவிடலாம். ‘சரிங்க’ என்று சொல்லிவிட்டால் கதை முடிந்தது. ஆனால் தோல்வியில் இருந்த மனிதருக்கு அது எங்கே உறைக்கப்போகிறது?

அவர் துக்கமும் நியாயமானதுதான். மீசை அரும்பிய வயதிலிருந்து குடைக்கே முத்திரை குத்தி வருகிறார். அந்த வட்டாரத்தில் குடை ஒருமுறைகூட விரிந்ததில்லை. பெரிய ஆசையெல்லாம் அவருக்கு இல்லை. சாவதற்குள் ஒரே ஒரு தடவை வெற்றி ஊர்வலத்தில் போக வேண்டும், கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய் வீட்டுக்கு வர வேண்டும், “இந்த வயசுல இதெல்லாம் தேவையா?” என்று மனைவி வெந்நீரை நீட்ட வேண்டும். இந்த முறை வெந்நீர் வரைக்கும் வந்துவிட்டது. முப்பத்தேழு ஓட்டில் ஆறிப்போனது.

சபதம் அன்றைக்கே அமலுக்கு வந்தது. முதலில் சலூன்காரர் மாட்டினார்.

“ஓட்டுப் போட்டியாப்பா?”

“எங்கேங்க? அன்னைக்கு ஊருக்கே லீவு. ஊருக்கே முடி வெட்டணும். கடையை விட்டு எப்படிப் போறது?”

கண்ணாடிக்கடைக்காரர் போர்த்தியிருந்த துணியை உதறிவிட்டு, ஒரு பக்கம் மட்டும் வெட்டிய தலையோடு வெளியே வந்தார். அடுத்தது இஸ்திரிக்காரர். அவர் காளான். சட்டைகள் கசங்கின. கடைக்குக் கண் பரிசோதனைக்கு வருகிறவர்களையும் விடவில்லை.

“கடைசி வரி தெரியுதா?”

“தெரியலீங்க.”

“இதுவே தெரியல, பூத்துல குடை எங்கே தெரிஞ்சிருக்கும்?”

வந்தவர் பக்கத்துத் தெருக் கடைக்குப் போய்க் கண்ணாடி வாங்கிக்கொண்டார்.

இதெல்லாம் போகட்டும். தலை வளர்ந்தால் சீவிக்கொள்ளலாம், சட்டையை உதறிப் போட்டுக்கொள்ளலாம். சபதம் போய் உட்கார்ந்த இடம் வேறு. எதிர்வீட்டுக் கண்டக்டர்.

கண்டக்டர் பஸ்ஸிலிருந்து ஓய்வு பெற்றுச் சில வருடம் ஆகிறது. மகளைக் கட்டிக் கொடுத்துவிட்டுத் தனியாக இருக்கிறார். இரண்டு வீட்டுக் கதவுகளும் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கும், நடுவில் நாலு தப்படி நடை. கடை மூடிவிட்டு வந்ததும் கண்ணாடிக்கடைக்காரர் அந்த நாலு தப்படியைத் தாண்டிப்போய்க் கேரம் போர்டு முன்னால் உட்கார்ந்தால், சாப்பாட்டுக்கு மூன்று முறை கூப்பிட்ட பிறகுதான் எழுந்திருப்பார். கண்டக்டர் “ரைட்!” என்று சொல்லித்தான் ஸ்ட்ரைக்கரை அடிப்பார். காய் குழியில் விழுந்தால் “இறங்கு, இறங்கு” என்பார். பல வருடமாக இதே ஜோக். இரண்டு பேரும் பல வருடமாகச் சிரித்து வந்தார்கள்.

தேர்தல் முடிவு வந்த சாயங்காலமும் போர்டு முன்னால்தான் இருந்தார்கள். கண்ணாடிக்கடைக்காரர் காளான்காரர்களை வண்டி வண்டியாகத் திட்டிக்கொண்டிருந்தார். கண்டக்டர் பவுடரைத் தூவிக்கொண்டே, “நானும் காளானுக்குத்தான் குத்தினேன்” என்றார், மழை வரும்போல் இருக்கிறது என்று சொல்கிற குரலில்.

“கண்டக்டரே! நீங்களா?”

“ஆமா. அந்தக் காளான்காரப் பையன் வீடு தேடி வந்தான். பஸ் ஸ்டாப்புல நிழற்குடை கட்டித் தர்றேன்னான். முப்பது வருஷம் பஸ்ஸுல நின்னவன் நான். வெயில்ல நிக்கற ஜனத்தைப் பார்த்துப் பார்த்துக் கண்ணே பூத்துப் போச்சு. பேரிலேயே குடை வெச்சிருக்கற உங்க கட்சி, ஒரு நிழற்குடை கட்டறேன்னு சொல்லிச்சா?”

“சொல்லாட்டி என்ன? மனசுல இருந்திருக்கும்.”

“மனசுக்குள்ள போய் எப்படி நிழல்ல நிக்கறது?”

இதற்குப் பதில் இல்லாததால்தான் கண்ணாடிக்கடைக்காரருக்கு அவ்வளவு கோபம் வந்தது. போர்டைத் தள்ளிவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

முதல் இரண்டு நாள் கோபம் துணைக்கு இருந்தது. அதற்குப் பிறகு கோபம் மட்டும் கழன்றுகொண்டது. சாயங்காலமானால் விரல் அரித்தது. சாப்பாட்டு மேஜையில் தண்ணீர்ப் பாட்டில் மூடியைச் சுண்டினார். கடையில் கண்ணாடிச் சட்டத்தின் திருகாணியைச் சுண்டி, அதைத் தேடி அரை மணி நேரம் தவழ்ந்தார். வெட்கத்தை விட்டுச் சொன்னால், ஏங்கிப் போனார். மனைவி பிறந்த வீட்டுக்குப் போன நாட்களில்கூட அவர் இப்படி ஏங்கியதில்லை. இதை அவர் மனைவியிடம் சொல்லவில்லை.

நாலாம் நாள்தான் எதிர்வீட்டு டக், டக் சத்தம் அவர் காதில் விழுந்தது. கண்ணாடிக்கடைக்காரருக்குச் சோறு இறங்கவில்லை.

“யாரோ ஆடறாங்களே?”

“ஆமா” என்றாள் மனைவி. குழம்பு கொடுக்கிற சாக்கில் அவள் மட்டும் போய்வந்துகொண்டிருந்தாள். சபதம் அவருடையது, அவளுடையது இல்லை.

“யார் கூட ஆடறார்?”

“உங்க கூடத்தான்.”

“என்ன உளர்றே? நான் இங்கே இருக்கேன்!”

“கண்டக்டர் அண்ணன் ஒரு ஆட்டம் தனக்கு ஆடறார். அப்புறம் எழுந்து அந்தப் பக்கம் வந்து, உங்க நாற்காலியில உட்கார்ந்து, உங்களுக்கு ஒரு ஆட்டம் ஆடறார். நீங்க ‘ச்சே’ன்னு தொடையில தட்டுவீங்களே, அதையும் தட்டறார்.”

கண்ணாடிக்கடைக்காரர் தண்ணீர் குடித்தார். பட்டும் படாமலும் கேட்டார்.

“யார் ஜெயிக்கறா?”

“அவர்தான். நீங்க தினமும் தோக்கறீங்க.”

“தோக்கறேனா? இது அநியாயம்! கேக்க ஆள் இல்லைன்னா என்ன வேணா ஆடுவாரா?”

“நேத்து உங்களுக்குச் சிகப்பு விழுந்துது. அடுத்து விழ வேண்டிய காய், அதான் ஃபாலோ, விழலை.”

“ஃபாலோவை நான் விட்டதே இல்லை! வேணும்னே விட்டிருக்கார்!” என்று நாற்காலியை விட்டு எழுந்தவர், கதவு வரைக்கும் போய்விட்டார். கைப்பிடியைப் பிடித்ததும் சபதம் ஞாபகம் வந்தது. திரும்பி வந்தார். சபதம் போட்டவர் தானே இறங்கிப்போனால் வீட்டுக்குள் என்ன மரியாதை இருக்கும்? கண்டக்டர் வந்து ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, ‘தப்புதான்’ என்று சொன்னால் போதும். கண்டக்டரும் அந்தப் பக்கம் அதே வார்த்தைக்காகக் காத்திருக்கிறார் என்பது மனைவிக்குத் தெரியும். இரண்டு வீட்டுக்கும் போகிறவள் அவள்தானே?

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கோடு கடைக்கு வந்தாள். கூட்டம் இல்லை. கண் பரிசோதனை நாற்காலியைக் காட்டி, “உட்காருங்க” என்றாள்.

“எனக்கா? கண்ணாடிக்கடைக்காரனுக்கே கண் டெஸ்ட்டா?”

“பேப்பரைக் கையை நீட்டிப் பிடிச்சுப் படிக்கறீங்க. கை பத்தாம என் கையையும் கடன் கேட்டீங்க. உட்காருங்க.”

உட்கார்ந்தார். அவள் காலண்டர் தாளின் பின்பக்கத்தைப் பலகைக்குப் பக்கத்தில் பிடித்தாள். அதில் பேனாவால் கட்டை விரல் நக அளவுக்கு ஒரு படம். மேலே அரைவட்டம், கீழே ஒரு கோடு.

“இது என்ன?”

“இது தெரியாதா? குடை.”

“நல்லாப் பாருங்க.”

“முப்பது வருஷமாப் பார்க்கறேன். குடை!”

“குடைன்னா பிடி வளைஞ்சிருக்குமில்ல? இதுல வளைவு எங்கே? இது காளான்.”

அவர் நாற்காலியிலிருந்து முன்னால் சாய்ந்தார். வளைவு இல்லைதான்.

“ஓட்டுச் சீட்டுல நீங்க குத்தின படத்துல பிடி வளைஞ்சிருந்துதா?”

கண்ணாடிக்கடைக்காரர் யோசித்தார். பூத்துக்குள் இருட்டு. பின்னால் நின்றவர் இருமினார். அரைவட்டம் தெரிந்தது, சந்தோஷமாகக் குத்தினார். கீழே வளைந்திருந்ததா? எவ்வளவு யோசித்தாலும் அந்தப் பிடி கண்ணுக்குள் வரவில்லை.

“ஏம்மா... அப்போ நான்...?”

“எனக்கு எப்படிங்க தெரியும்? ரகசிய ஓட்டு” என்று சொல்லிவிட்டு, தாளைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அன்று மத்தியானம் சாப்பாடு தூக்கிலேயே இருந்தது. காளானைத் திட்டின ஒவ்வொரு திட்டும் வரிசையாக நினைவுக்கு வந்தது, ஒவ்வொன்றும் தன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது. ஆனால் அடியில், எங்கோ ஓரத்தில், ஒரு நிம்மதியும் இருந்ததை மறைக்க முடியாது. தானும் காளான்காரன் என்றால், காளான்காரனோடு பேசாமல் இருப்பது எப்படி? அப்புறம் தன்னோடேயே பேச முடியாதே! சபதம் தானாகவே செத்துவிட்டது, அவர் கொல்லவில்லை.

சீக்கிரமே கடையை மூடிவிட்டு வந்தார். நாலு தப்படி நடையில், “கண்டக்டரே, தப்பு யார் பக்கம்னு பார்த்தா” என்று மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். கதவைத் தட்டக் கை ஓங்கியபோது கதவே திறந்தது. கண்டக்டர் சட்டை மாட்டிக்கொண்டு, எங்கோ கிளம்பிய கோலத்தில் நின்றார்.

“எங்கே கிளம்பிட்டீங்க?”

“உங்க வீட்டுக்குத்தான்.”

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒருவர் சட்டைப் பொத்தானை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்டக்டர் வழி விட்டார். கண்ணாடிக்கடைக்காரர் தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பவுடர் பட்டுவிட்டது என்று துடைத்துக்கொண்டார். போர்டு இன்னும் மூடித்தான் இருந்தது.

“நான் ஒண்ணு சொல்லணும்” என்றார்.

“நான் முதல்ல சொல்லிடறேன்” என்றார் கண்டக்டர், போர்டைத் திறந்து பவுடர் தூவியபடி. “இனிமே நமக்குள்ள எதுக்குக் கோபம்? விஷயம் தெரிஞ்சா நீங்களே சந்தோஷப்படுவீங்க. நான் தப்பா உங்க குடைக்கே குத்திட்டேன்.”

“என்னது?”

“வயசாச்சில்ல, பார்வை மங்கிடுச்சு. இன்னைக்குக் காலையில தங்கச்சிதான் படம் போட்டுக் காட்டிச்சு.” அவர் போர்டின் நடுவில், பவுடர்மேல் விரலால் வரைந்தார். மேலே அரைவட்டம், கீழே ஒரு கோடு. “நான் ‘காளான்’னேன். ‘காளான் தண்டு இவ்வளவு மெல்லிசா இருக்குமா? இது குடை அண்ணே’ன்னுச்சு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுடுச்சு!”

கண்ணாடிக்கடைக்காரர் அந்தப் படத்தை இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தார். எழுந்துபோய் அந்தப் பக்கத்திலிருந்தும் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து மனைவி தட்டில் மூன்று டம்ளர் டீயோடு உள்ளே வந்தாள்.

“ஏம்மா, இங்கே வா. இது என்ன? குடையா, காளானா?”

அவள் எட்டிப் பார்த்தாள். “யாருக்கு?” என்றாள்.

கண்டக்டருக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் போர்டில் இருந்த பவுடரெல்லாம் பறக்கும்படி சிரித்தார். கண்ணாடிக்கடைக்காரரால் உடனே சிரிக்க முடியவில்லை. கௌரவத்துக்குக் கொஞ்சம் கோபப்பட வேண்டியிருந்தது.

“எங்க ரெண்டு பேரையும் முட்டாளாக்கிட்டே. சரி, அதை விடு. நீ யாருக்குப் போட்டே? அதைச் சொல்லு முதல்ல.”

“நான் எங்கேங்க போனேன்?”

“என்ன, எங்கே போனியா? அன்னைக்கு இதே நாற்காலியிலேர்ந்து கேட்டேன், ‘போட்டியா?’ன்னு. ‘போட்டாச்சு, போட்டாச்சு’ன்னு நம்ம வீட்டுச் சமையல்கட்டுலேர்ந்து நீதானே கத்தினே?”

“டீ போட்டாச்சுன்னேன். அன்னைக்கு லீவு. காலையில குத்திட்டு வந்து ரெண்டு பேரும் போர்டு முன்னால உட்கார்ந்தவங்க, ஏழு தடவை டீ கேட்டீங்க. எட்டாவது டீயைப் போட்டுட்டுச் செருப்பை மாட்டறேன், பூத்தை மூடிட்டான்.”

கண்டக்டர் வாயை மூடிக்கொண்டு, சபதத்தின் இரண்டாம் பாதி என்ன ஆகிறது என்று ஆவலோடு பார்த்தார். மனைவி தட்டை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ஓட்டுப் போடாதவ நான். என்னோட பேச மாட்டீங்களே?”

கண்ணாடிக்கடைக்காரர் போர்டு ஓரத்தில் அடுக்கி வைத்திருந்த காய்களைப் பார்த்தார், எதிரில் இருந்த கண்டக்டரைப் பார்த்தார், ஆவி பறந்துகொண்டிருந்த டம்ளரைப் பார்த்தார்.

“சர்க்கரை போட்டியா?” என்றார்.