பானில் நான் இழுத்துக்கொண்டு ஓடிய கை

ஆரணி, கவின், உங்கள் அப்பா வீரன் இல்லை. இதை வேறு யாராவது சொல்லி நீங்கள் அறிவதற்கு முன் (ஆரணி ஏற்கெனவே ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாள் என்று கேள்வி) நானே எழுதி வைத்துவிடுகிறேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். பிழைகள் இருக்கும். சனிக்கிழமை தோறும் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு உங்களை ஏற்றி இறக்கியதற்கு ஒரு பலன் வேண்டாமா? எழுத்துக் கூட்டியாவது வாசியுங்கள்.

கியோ மாமாவை உங்களுக்குத் தெரியும். எசன் நகரத்தில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லச் சமையலறையில் என்னோடு பாத்திரம் கழுவுகிற பர்மாக்காரன். நாங்கள் இருவரும் உடைந்த ஜெர்மனில்தான் பேசிக்கொள்வோம். இங்கே அதை எங்கள் பேச்சில் எழுதுகிறேன். அவன் கோபிக்க மாட்டான்.

அவனுடைய நாட்டை இராணுவம் பிடித்து வைத்திருக்கிறது. எதிர்த்துக் கூட்டம் கூடினால் சுடுவார்கள். அதனால் அங்கே சனம் திடீரென்று ஒரு தெருவில் சேர்ந்து, கொஞ்ச நேரம் கோஷம் போட்டுவிட்டு, ஆமி வருவதற்குள் சந்துகளில் கலைந்துவிடுமாம். கியோவின் தம்பி அப்படிப் போகிற ஒருவன். பள்ளிக்கூட வாத்தியார். அவர்களுக்கு ஆதரவாகப் பான் நகரத்தில் ஒரு கூட்டம் என்று கியோ வந்து சொன்னான்.

"நீயும் வா. நாலு பேர் கூட நிண்டால்தான் கூட்டம் எண்டு தெரியும்."

"எனக்கு அண்டைக்கு வேலையடா."

"எனக்கும் உனக்கும் ஒரே ஷிஃப்ட். அண்டைக்கு லீவு."

உங்கள் அம்மா தடுப்பாள் என்ற பெரும் நம்பிக்கையோடு வீட்டில் சொன்னேன்.

"போயிட்டு வாங்கோவன்," என்றாள் அம்மா. "எங்களுக்காக ஆரும் வந்து நிக்கேல்லை எண்டு ஒவ்வொரு நாளும் சாப்பாட்டு மேசையிலை புலம்புறது நீங்கள்தானே?"

"நானும் வாறன் அப்பா," என்றாள் ஆரணி.

என் பத்திரக் கோப்புக்குள் அவளுடைய பாஸ்போர்ட்டையும் எடுத்து வைத்தேன்.

ரயிலில் ஆரணி என் கோப்பைத் திறந்து பார்த்தாள். உள்ளே என் பாஸ்போர்ட், அவளுடைய பாஸ்போர்ட், வீட்டுப் பதிவுப் பத்திரம், சம்பளச் சீட்டு எல்லாம் இருந்தன. (வெளியே போகும்போது ஆள் யார் என்று நிரூபிக்கக் கையில் ஏதாவது வேண்டும். அது எங்கள் தலைமுறையின் வியாதி.)

"என்ர ஸ்கூல் ரிப்போர்ட் எதுக்கப்பா?"

"நல்ல பிள்ளை எண்டு காட்ட."

"அதிலை கணக்குக்கு நாலு."

இந்த நாட்டில் ஒன்று வாங்கினால்தான் கெட்டிக்காரி. ரிப்போர்ட்டை அடியில் செருகினேன்.

சதுக்கத்தின் வாசலில் ஒரு பொலிஸ்காரர் என்னைப் பார்த்துக் காலை வணக்கம் சொன்னார். நான் உடனே தொப்பியைக் கழற்றிப் பாஸ்போர்ட்டை நீட்டினேன்.

"வேண்டாம், வேண்டாம். நான் சும்மா வணக்கம் சொன்னனான்," என்றார் அவர் பாவம்போல.

"அப்பா, தயவுசெய்து," என்றாள் ஆரணி பல்லைக் கடித்துக்கொண்டு.

கொடிகள், பதாகைகள், தட்டி ஒலி எழுப்பும் சட்டிகள். ஒரு பெண் மேடையில் ஏறி, தன் ஊரில் ஆட்கள் எப்படிக் கூடி எப்படி ஓடிக் கலைகிறார்கள் என்று ஜெர்மனில் விளக்கிக்கொண்டிருந்தாள். கியோவை எங்கும் காணவில்லை. அப்போதுதான் முன்வரிசையைப் பார்த்தேன். அங்கே சிலர் தலை முழுவதையும் துணிப் பையால் மூடியிருந்தார்கள். கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை.

பிள்ளைகளே, இதை நான் உங்களுக்குச் சொன்னதில்லை. எனக்குப் பதினாறு வயதில் ஆமி எங்கள் ஊரை வளைத்து, ஆண்களை எல்லாம் பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையாக நிறுத்தியது. வரிசையின் முடிவில் தலையில் சாக்கு மூடிய ஒருவன் இருந்தான். அவனைத் தலையாட்டி என்போம். ஒவ்வொருவராக அவன் முன்னால் போய் நிற்க வேண்டும். அவன் தலை ஆடினால் அந்த ஆளைக் கொண்டுபோய்விடுவார்கள். எனக்கு முன்னால் நின்றவர் எங்கள் தெருவில் சைக்கிள் திருத்துகிறவர். சாக்கு ஆடியது. அவர் திரும்பி என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு அவரை ஒருவரும் காணவில்லை. என் முறை வந்தபோது சாக்கு ஆடவில்லை. ஏன் ஆடவில்லை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பானில், அந்தத் துணித் தலைகளில் ஒன்று மெல்ல என் பக்கம் திரும்பியது. என்னைப் பார்த்தது. நன்றாக மேலும் கீழும் ஆடியது.

அடுத்ததைச் செய்தவை என் கால்கள். பக்கத்தில் நின்ற ஆரணியின் கையைப் பிடித்தேன். "ஓடு பிள்ளை!" என்று கத்திக்கொண்டு பாய்ந்தேன். பூக்கடையில் ஒரு வாளி உருண்டது. ட்ராம்காரன் மணி அடித்தான். ஐம்பது வயதுக்குப் பிறகு பஸ்ஸுக்குக்கூட ஓடாதவன், மான் மாதிரிப் போனேன். (மான் என்பது என் கணக்கு. ஆரணியைக் கேட்டால் வேறு மிருகம் சொல்வாள்.) பிள்ளையின் கை குளிரில் இப்படிச் சுருங்கிப்போச்சே என்று ஓடும்போதே கவலைப்பட்டது நன்றாக நினைவிருக்கிறது.

ஒரு பேக்கரிச் சந்தில் நின்று திரும்பிப் பார்த்தேன்.

என் கையில் இருந்தது எழுபது வயது தாண்டிய ஒரு ஜெர்மன் மூதாட்டியின் கை. மற்றக் கையில் அவருடைய பதாகை. மூச்சு வாங்கினாலும் முகத்தில் நல்ல உற்சாகம்.

"இதுதானே அந்த ஓடிக் கலையிற பகுதி?" என்று கேட்டார். "மற்ற ஆக்கள் ஏன் இன்னும் வரேல்லை?"

ஆரணி அங்கே நிற்கிறாள். சாக்குத் தலைக்கு முன்னால் தனியாக நிற்கிறாள். அவளை விட்டுவிட்டு நான் ஓடி வந்திருக்கிறேன்.

திரும்பிப் போக வேண்டும். கால் வரமாட்டேன் என்றது. மைதானத்தின் புழுதி மணம்கூட வந்தது, நம்புங்கள். மூதாட்டிதான் என் கையை விடாமல் கூட நடந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனால், அந்தத் துணித் தலை குனிந்து ஆரணியின் தோளில் கை வைத்திருக்கிறது.

"அவளை விடு!" என்று தமிழில் கத்தினேன். கோப்பை இரண்டு கையாலும் நீட்டினேன். "நான் வந்திட்டன். என்னைக் கொண்டு போ!"

துணிக்குள் இருந்து மெல்லிய குரல் வந்தது. "கத்தாதை. நான்தான். ரெண்டு பேரும் ஒண்டாக் கழுவுறனாங்கள்."

கியோ! அந்தப் பெயர் என் தொண்டை வரை வந்துவிட்டது.

"மூலையிலை ஒருத்தன் கமராவோடை நிக்கிறான், பார். எங்கட ஆள் இல்லை. பேரைச் சொல்லிப்போடாதை. தம்பி அங்கை."

விழுங்கினேன். அன்று நான் ஒழுங்காகச் செய்த ஒரே காரியம் அதுதான்.

இங்கே எடுத்த படம் அங்கே போய்ச் சேர்ந்தால் ஊரில் இருக்கும் வீட்டாரைத் தேடி ஆமி போகுமாம். இந்த நாட்டில் ஊர்வலத்தில் முகம் மூடுவது சட்டப்படி பிழை. ஆனாலும் காரணத்தைச் சொல்லி, பொலிசிடம் முன்கூட்டியே அனுமதி எடுத்திருந்தார்கள். கூட்டம் முடியும் வரை அந்தக் கமராவுக்கும் கியோவுக்கும் நடுவில் நின்றேன். நான் கொஞ்சம் அகலமான ஆள், நல்லா மறைக்கும்.

திரும்பும் ரயிலில் கியோ சொன்னான்: "நீ வருவாய் எண்டு நான் நினைக்கேல்லை. சந்தோசத்திலை தலையாட்டினனான்."

தலையாட்டி என்றால் என்னவென்று சொன்னேன். அன்றிலிருந்து வேலையில் என்னைக் கண்டால் அவன் தலையை ஆட்டுவதில்லை. சவர்க்கார நுரையோடு கையைத் தூக்குகிறான்.

வீட்டில் என் நிலைமை உங்களுக்குத் தெரியும். "ஒரு கிழவியைக் கடத்திக்கொண்டு போன மனுசன்" என்றுதான் அம்மா விருந்தினருக்கு என்னை அறிமுகம் செய்கிறாள். தெருவைக் கடக்க நான் கையை நீட்டினால் ஆரணி நின்றுவிடுவாள்: "முதல்லை பாருங்கோ அப்பா, நான்தானா?"

இன்னும் ஒன்று. ரயிலில் ஆரணி என் கைபேசியில் ஒரு படம் எடுத்தாள். நானும் கியோவும் முகத்துக்கு முகம் சிரித்தபடி, துணிப் பை அவன் மடியில். நல்ல படம். அது எங்கே போனது என்று பலமுறை கேட்டுவிட்டாய், மகளே. அடுத்த நாள் பின்னேரம் நீங்கள் எல்லோரும் வெளியே போயிருந்தபோது பல்கனியில் உட்கார்ந்து அதைக் கனநேரம் பார்த்தேன். கியோவின் முகம் முழுவதும் தெரிந்தது, முன்பல் இரண்டும்கூட. பிறகு அழித்தேன். அழித்த படம் குப்பைப் பெட்டிக்குள் இன்னும் சில நாள் கிடக்கும் என்று முன்பு ஒருமுறை கவின் சொல்லியிருந்தான். அதற்குள்ளும் போய்த் தேடிப் பிடித்து, அங்கேயும் அழித்தேன்.