நாற்பத்தெட்டு மணி நேரத்தில் போதகர்

இரண்டாயிரம் ஆண்டுகளாகத் திருச்சபைக்குத் தட்டுப்படாத ஒரு பேருண்மை, அந்த ஆலயத்தின் செயலருக்கு ஒரே ஒரு சனிக்கிழமைக் கருத்தரங்கில், அதுவும் தேநீர் இடைவேளைக்கு முன்பே தட்டுப்பட்டுவிட்டது. கிறிஸ்துமஸ் சமயத்தில் புதிதாக வருகிறவர்தான் முக்கியம். ஏற்கெனவே வந்துகொண்டிருக்கிறவர் எப்படியும் வருவார். வங்கிக் கிளை மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அல்லவா, சும்மா இருப்பாரா? மறுநாளே 'விழாக்கால விருந்தினர் ஈடுபாட்டுக் குழு' உதயமாகிவிட்டது. அதற்குத் தலைவர் அவரே. குழு கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டிய செயலரும் அவரே.

ஆலய வாசலில் தங்க நிற அட்டைகளை அடுக்கி வைத்தார்கள். முதல் தடவை வருகிறவர் ஒன்றை நிரப்பிப் பெட்டியில் போட்டால் போதும். நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் போதகரே வீடு தேடி வருவார். கையில் ஒரு காபி குவளை, ஒரு பேனா, பன்னிரண்டு மாதமும் போதகர் சிரிக்கும் நாட்காட்டி. குழாய் ரிப்பேர்காரரிடம்கூட எதிர்பார்க்க முடியாத வேகம் இது.

இவ்வளவு உன்னதமான திட்டத்தின் அருமை புரியாத ஆள் ஒருவர் இருந்தார். தையல்காரர். முப்பத்தொரு வருஷமாக மூன்றாவது வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் உட்காருகிறவர். அவருக்கு ஆலய வளர்ச்சியைவிடத் தன் வீட்டு விவகாரம்தான் பெரிதாகப் போய்விட்டது. மனைவி இடுப்பெலும்பு முறிந்து ஏழு மாதமாகப் படுத்த படுக்கை. வியாழக்கிழமை காலையில் இரண்டாவது ஆபரேஷன். இதயம் பலவீனமாக இருக்கிறது, மயக்க மருந்தைத் தாங்குமா என்று டாக்டரே இழுத்து இழுத்துப் பேசினார்.

"ஏங்க, ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை நற்கருணை வாங்கிடணும். போதகர் ஐயாவை வரச் சொல்லுங்களேன்," என்றாள் மனைவி. "எனக்குப் பயமா இருக்கு."

தையல்காரர் ஆலய அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். நாலாவது நடை திங்கட்கிழமை.

"டைலர், நீங்க மெம்பர்," என்றார் செயலர், பொறுமையின் சிகரமாக. "இது விருந்தினர் மாசம். மெம்பருங்க வீட்டுக்கெல்லாம் ஜனவரி பதினஞ்சுக்கு மேலதான் ஐயா வருவாரு."

"வியாழக்கிழமை ஆபரேஷன் சார்."

"புரியுது, புரியுது. ஆனா புதுசா வர்றவங்களை ஒரு வாரம் விட்டா கைநழுவிப் போயிடுவாங்க. நீங்க எங்க போயிடப் போறீங்க?"

சொல்லிவிட்டுத் தோளில் தட்டியும் கொடுத்தார். முப்பத்தொரு வருஷ விசுவாசத்துக்கு இதைவிடப் பெரிய நற்சான்று ஏது? தையல்காரருக்குத்தான் அதை வாங்கிக்கொள்ளத் தெரியவில்லை. விருட்டென்று வெளியே வந்தவர், வாசலில் ஒரு தங்க அட்டையை உருவிக்கொண்டார். மனைவி பெயரை எழுதினார், விலாசத்தை எழுதினார். 'எங்கள் ஆலயத்தைப் பற்றி எப்படி அறிந்தீர்கள்?' என்று ஒரு கேள்வி. அவர்கள் கல்யாணமே அங்கேதான் நடந்தது; அதற்குக் கட்டம் இல்லை. 'நண்பர் மூலம்' என்பதில் டிக் அடித்துப் பெட்டியில் போட்டார்.

சரியாக இருபத்தாறாவது மணி நேரத்தில் வாசலில் பைக் சத்தம். முன்னால் போதகர், பின்னால் பரிசுப் பையோடு செயலர். கதவைத் திறந்தவரைப் பார்த்ததும் செயலர் திகைத்து நின்றார்.

"டைலர்! நீங்க எங்க இங்க?"

"என் வீடு சார்."

"இது புது விருந்தினர் வீடாச்சே! அட்டையில போட்டிருக்கே."

"அது என் சம்சாரம்."

செயலர் இரண்டு நொடி யோசித்தார். பதிவேட்டில் ஏற்றியாகிவிட்டது. பதிவேட்டில் ஏறியவர் விருந்தினர்தான். மனுஷியே வந்து மறுத்தாலும் மாற்ற முடியாது. எனவே நேராகப் படுக்கையருகில் போய், குவளையை அந்த அம்மாள் கையில் திணித்து, ஒரு போட்டோ எடுத்துவிட்டு, வரவேற்புரையைத் தொடங்கினார்.

"எங்க ஆலயத்துல வண்டி நிறுத்த விசாலமான இடம் இருக்குங்கம்மா."

"தெரியும் சார். அங்க பள்ளத்துல கால் தடுக்கித்தான் விழுந்தேன்."

செயலர் 'வசதிகள் பற்றி அறிந்திருக்கிறார்' என்று குறித்துக்கொண்டார்.

"ஐயா, எனக்கு நற்கருணை கொடுப்பீங்களா?" அவள் போதகரைப் பார்த்துக் கேட்டாள்.

போதகரின் கை தோள்பைக்குள் போனது. செயலர் பாய்ந்து தடுத்தார். "ஒரு நிமிஷம்யா! நற்கருணை மெம்பருக்கு மட்டும்தான். விருந்தினருக்குக் கிடையாது."

"அவ மெம்பர்தானே சார்!" என்று அலறினார் தையல்காரர்.

"மெம்பர்னா நாங்க இந்த வீட்டுக்கு வந்திருக்கவே கூடாது. ஜனவரி பதினஞ்சு."

"அப்ப என்னதான் சார் பண்ணச் சொல்றீங்க?"

"ரொம்ப சுலபம். விருந்தினர் மெம்பரா ஆயிடலாம். பன்னிரண்டு வார வகுப்பு. சேர்றதுக்கு இதோ நீல அட்டை."

"நாளன்னிக்கு அவளை ஆபரேஷன் தியேட்டருக்குள்ள தள்ளிட்டுப் போகப் போறாங்கய்யா! நீங்கல்லாம் மனுஷங்கதானா?" தையல்காரர் நீல அட்டையைத் தட்டிவிட்டார்.

மனைவி அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "சும்மா இருங்க. ஐயா, நான் ஒண்ணு கேக்கறேன். கிறிஸ்துமஸ்னா ஆண்டவர் நம்மளைத் தேடி வந்த நாள்னு வருஷா வருஷம் நீங்கதான சொல்லுவீங்க? அவரு எந்த அட்டையைப் பார்த்து வந்தாரு?"

செயலர் பழக்கதோஷத்தில் கோப்பைப் புரட்டினார்.

போதகர் நல்ல மனிதர்தான். அந்த மாதத்தில் ஐம்பத்து மூன்று வீடுகளுக்குப் போய், ஐம்பத்து மூன்று குவளைகள் கொடுத்து, ஒரு முகம்கூட ஞாபகத்தில் இல்லாமல் திரும்பியவர். அவர் முகம் சிவந்துவிட்டது. "என்னை மன்னிச்சிடுங்கம்மா. ஏழு மாசமா நான் இந்தப் பக்கமே வரல. வெட்கமா இருக்கு," என்றபடி கட்டிலோரம் உட்கார்ந்து பையிலிருந்த நற்கருணைப் பெட்டியைத் திறந்தார்.

"ஐயா, ஒரு வீட்டுக்குப் பதினஞ்சு நிமிஷம்தான், முடிஞ்சுது. அடுத்த விருந்தினர் காத்திட்டிருக்காங்க."

"நீங்க போங்க சார். போகும்போது அந்தக் குவளையை எடுத்துட்டுப் போங்க."

அப்பமும் திராட்சை ரசமும் அவள் வாயில் பட்டபோது தையல்காரர் குழந்தை மாதிரி அழுதார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வந்த போதகர், ஈடுபாட்டுக் குழு அவசரக் கூட்டம் போட்டுத் தனக்கு அனுப்பிய கடிதத்தைத் தையல்காரரிடம் நீட்டினார். தலைப்பில் 'கிறிஸ்து பிறப்பு நல்வாழ்த்துகள்' என்று தங்க எழுத்து. அதன் கீழே, கீழ்க்காணும் இரண்டு குற்றங்களுக்கு ஏழு நாட்களுக்குள் எழுத்துமூலம் விளக்கம் கேட்டிருந்தார்கள்.

ஒன்று: விருந்தினர் ஒருவருக்கு நற்கருணை கொடுத்தது.

இரண்டு: உடம்பு முடியாத உறுப்பினர் ஒருவரை அவர் வீட்டுக்கே போய்ப் பார்த்தது.